காதிரைச்சலும் உட்செவி நோய்களும்: காலத்தோடு கண்டறிவது எப்படி?

சுகாதாரப் பாடம்

காதுக்கு வெளியே எந்த ஓசையும் இல்லாதிருக்கும்போதும் காதினுள்ளே ஓசை கேட்பதைக் காதிரைச்சல் என்கிறோம். சிலருக்கு அது சில்வண்டின் ரீங்காரம். சிலருக்குக் கொதிக்கும் கெண்டியின் சீழ்க்கை. வேறு சிலருக்குக் கடலின் ஹோவென்ற இரைச்சல். பகலில், கடைத்தெருச் சந்தடியில், அது தெரிவதில்லை. கடை சாத்திக் கணக்கு முடித்துப் படுக்கைக்குப் போன பிறகே தலை தூக்குகிறது. வயது வந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இத்தொல்லை உண்டு என்பது பல நாடுகளிலும் எடுத்த கணக்கு. ஆகவே நம் சங்க அங்கத்தினர்களிலும் பலர் இதை அறிந்தவர்களாகவே இருப்பார்கள்.

முதலில் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்று. காதிரைச்சல் தனியானதொரு நோயன்று. அது ஓர் அறிகுறி. கிட்டங்கியில் புகை நாற்றம் வந்தால், புகையை விசிறிவிட்டு வேலையைப் பார்ப்பார் உண்டோ? நெருப்பு எங்கே என்றல்லவா தேடுவோம்! காதிரைச்சலையும் அவ்வாறே கொள்ள வேண்டும். பெரும்பாலும் தேடிப் பார்த்தால் ஆபத்தில்லாத காரணமே அகப்படும். சிலருக்கு வெறும் குறும்பி அடைப்பாக இருக்கும். ஆனால் சிலருக்கோ, சில நாள் தாமதித்தாலும் திரும்பக் கிடைக்காத செவிப்புலன் பறிபோகத் தொடங்கியதன் முதல் தகவல் அது. இவ்விரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. உட்செவி என்பது யாது?

காது மூன்று பகுதிகளை உடையது. நாம் காணும் மடலும் துவாரமும் வெளிச்செவி. செவிப்பறைக்கு அப்பால் மூன்று சிற்றெலும்புகள் உள்ள அறை நடுச்செவி. அதற்கும் உள்ளே, மண்டையோட்டின் கெட்டியான எலும்புக்குள் பதிந்திருப்பது உட்செவி.

உட்செவிக்கு இரண்டு வேலைகள். ஒன்று கேட்பது, மற்றொன்று உடலின் சமநிலையைக் காப்பது. கேட்கும் வேலையைச் செய்வது நத்தைக் கூடு போல இரண்டரைச் சுற்றுச் சுருண்ட காக்ளியா என்னும் குழல். நீட்டிப் பார்த்தால் அதன் நீளம் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர்தான். அதனுள்ளே திரவம் நிறைந்திருக்கிறது. அத்திரவத்தில் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலி அலை வந்து திரவத்தை அசைக்க, மயிரணுக்கள் அசைந்து மின்குறிப்புகளை எழுப்ப, அவை நரம்பின் வழியே மூளைக்குப் போய்ச் சேருகின்றன. அலை காக்ளியாவினுள் எவ்வாறு ஓடுகிறது என்பதை ஆராய்ந்து காட்டிய கியார்க் ஃபான் பெக்கேசி என்னும் விஞ்ஞானிக்கு 1961ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சமநிலையைக் காப்பவை அரைவட்டக் குழாய்கள் மூன்றும், அவற்றை அடுத்த இரு சிறு பைகளும். காக்ளியாவும் இவையும் ஒரே திரவத்தைப் பங்கிட்டுக் கொள்பவை. அதனால்தான் உட்செவி நோய்கள் சிலவற்றில் இரைச்சலும் கிறுகிறுப்பும் சேர்ந்தே வருகின்றன.

மயிரணுக்களைப் பற்றி ஒரு கசப்பான உண்மை உண்டு. தோலில் காயம் பட்டால் புதுத்தோல் வளர்கிறது. மனிதனுடைய மயிரணு ஒன்று செத்துவிட்டாலோ அந்த இடத்தில் இன்னொன்று முளைப்பதில்லை. பிறந்தபோது கொண்டுவந்த கையிருப்பே ஆயுள் முழுவதற்கும். இந்த முதலில் வட்டி வராது. செலவு மட்டுமே உண்டு. முன்கூட்டிக் கண்டறிவது ஏன் அவசியம் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

2. இரைச்சல் எப்படிப் பிறக்கிறது?

மயிரணுக்கள் பழுதடைந்தால் மூளைக்கு வரும் குறிப்புகள் குறைகின்றன. வரவேண்டிய செய்தி வராததால் மூளை தன் ‘வால்யூமை’ ஏற்றி வைத்துக் கேட்கப் பார்க்கிறது. நிலையம் அகப்படாத வானொலியில் வால்யூமை ஏற்றினால் ‘கர்’ என்று இரைவது போல, நரம்புகளின் சொந்தச் சலசலப்பே ஓசையாகத் தோன்றுகிறது. இரைச்சலுக்கு இதுவே முக்கிய காரணம் என்று ஆராய்ச்சியாளர் பலரும் கருதுகின்றனர்.

இங்கே வியாபாரிகள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உள்ளது. “எனக்கு நன்றாகத்தான் காது கேட்கிறது, இரைச்சல் மட்டும்தான்” என்று பலர் சொல்வர். 2009ஆம் ஆண்டு அமெரிக்காவில் குஜாவா, லிபர்மன் என்னும் இருவர் எலிகளைக் கொண்டு செய்த ஆய்வு, பேரொலிக்குப் பின் மயிரணுக்கள் பிழைத்துக் கொண்டாலும் அவற்றை நரம்போடு இணைக்கும் முனைகள் அழிந்துவிடுவதைக் காட்டியது. சாதாரணப் பரிசோதனையில் செவிப்புலன் பழைய நிலைக்குத் திரும்பியதாகவே தெரிந்தது. உள்ளே நஷ்டம் நஷ்டமாகவே இருந்தது. மனிதருக்கும் இவ்வாறு மறைந்த இழப்பு நேரலாம் என்று எண்ண இடமுண்டு. ஆகவே இரைச்சல் என்பது, ஐந்தொகையில் நஷ்டம் தெரியுமுன்னரே சரக்கு குறைவதைக் காட்டும் எச்சரிக்கையாக இருக்கலாம்.

3. இரைச்சலுக்குப் பின்னே நிற்கும் நோய்கள்

(அ) பேரொலியால் வரும் இழப்பு. நாளொன்றுக்கு 8 மணி நேரம் 85 டெசிபெல் ஒலியில் வேலை செய்வது செவிக்கு எல்லை என்று கொள்ளப்படுகிறது. ஒலி ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் பொறுக்கக்கூடிய நேரம் பாதியாகக் குறைகிறது. 88 டெசிபெலுக்கு 4 மணி. 91 டெசிபெலுக்கு 2 மணி. 94 டெசிபெலுக்கு ஒரு மணி. எதிரே நிற்பவரிடம் கையெட்டும் தூரத்திலும் குரலை உயர்த்திப் பேச நேர்ந்தால் அந்த இடத்தின் ஒலி எல்லையை நெருங்கிவிட்டது என்று அறியலாம். மசாலை அரைக்கும் மில் வைத்திருப்போரும், மரவேலை, இரும்பு வேலை செய்வோரும், காதில் ஒலிபெருக்கிச் செருகியைச் செருகி உரக்கக் கேட்கும் பிள்ளைகளும் இந்த வகையில் சேருவர். முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய மெல்லிய ஒலிகள். அதனால் பேச்சு கேட்கும். ஆனால் ச, க, த போன்ற எழுத்துகள் நழுவும். வாடிக்கைக்காரர் சொல்லும் விலை ஒன்று, நம் காதில் விழும் விலை வேறொன்று என்றாகும்.

(ஆ) திடீர்ச் செவிட்டுத்தன்மை. இதுவே இப்பாடத்தில் மிக முக்கியமானது. காலையில் எழும்போதோ, வேலையின் நடுவிலோ, ஒரு காது ‘பட்’டென்று அடைத்தது போலாகி, இரைச்சல் எழுந்து, கேள்வி குறைந்துவிடும். மூன்று நாளுக்குள் நேரும் இவ்விழப்பு பெரும்பாலும் ஒரு காதில்தான் வரும். பலருக்குக் காரணம் அகப்படுவதில்லை. கொடுமை யாதெனில், நோயாளி அதைச் சளி என்றும் குறும்பி என்றும் எண்ணி நாள் கடத்துவது. இதற்கு வழக்கமாகத் தரப்படும் ஸ்டிராய்டு மருந்து முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் தர வாய்ப்பு அதிகம். நாள் செல்லச் செல்ல வாய்ப்பு குறைகிறது. தானாகவே ஓரளவு மீள்பவரும் உண்டு. ஆனால் யார் மீள்வார், யார் மீளார் என்று முன்னதாகச் சொல்ல இயலாது. ஆகவே காத்திருந்து பார்ப்பது சூதாட்டமேயாகும்.

(இ) மேனியே நோய். 1861ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் புராஸ்பெர் மேனியே என்ற டாக்டர், தலைசுற்றலும் வாந்தியும் மூளையிலிருந்து மட்டுமல்ல, உட்செவியிலிருந்தும் வரக்கூடும் என்று எடுத்துக் காட்டினார். அவர் பெயரையே இந்நோய் பெற்றது. இதில் காது கனத்து, இரைச்சல் உயர்ந்து, பூமியே சுழல்வது போன்ற கிறுகிறுப்பு 20 நிமிஷம் முதல் 12 மணி நேரம் வரை நீடிக்கும். பிறகு அடங்கும், மீண்டும் ஒரு நாள் வரும். தொடக்கத்தில் கனத்த ஒலிகளின் கேள்வி குறைந்து, தாக்குதல் நீங்கியதும் திரும்பிவிடும். அவ்வாறு திரும்பி வரும் காலத்திலேயே டாக்டரைப் பார்ப்பது நலம். ஆண்டுகள் சென்றால் இழப்பு நிலைத்துவிடும். இந்நோய் உள்ளவர் லாரி ஓட்டுவதும், ஏணியேறிச் சரக்கு இறக்குவதும் ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

(ஈ) மருந்தால் வரும் கேடு. 1943இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டிரெப்டோமைசின் எத்தனையோ காசநோயாளிகளின் உயிரைக் காத்தது. அதே மருந்து பலருடைய உட்செவியையும் கெடுத்தது. ஜென்டாமைசின், அமிகாசின் ஆகிய ஊசி மருந்துகளும், புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டினும் இவ்வாறு செய்யக்கூடும். மிகுந்த அளவில் உண்ட ஆஸ்பிரினும் கொய்னாவும் இரைச்சலை எழுப்பும். ஆஸ்பிரினால் வந்த இரைச்சல் பெரும்பாலும் மருந்தை நிறுத்தியதும் அடங்கும்; சிஸ்பிளாட்டினால் போன கேள்வி திரும்புவது அரிது. ஆயினும் உயிர்காக்கும் மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. இரைச்சல் தொடங்கிய அன்றே மருந்து கொடுத்த டாக்டரிடம் சொன்னால், அளவைக் குறைக்கவோ வேறு மருந்து தரவோ அவரால் இயலலாம்.

(உ) செவி நரம்பில் வளரும் கட்டி. இது அரிது. புற்றுநோய் அன்று; மெல்ல மெல்ல வளர்வது. ஒரே காதில் இரைச்சலும், அதே காதில் சிறிது சிறிதாகக் கேள்விக் குறைவும் அதன் முதற் குறிகள். சிறிதாக இருக்கும்போது கண்டால் கண்காணித்து வரலாம், கதிர் சிகிச்சை செய்யலாம், அறுவை செய்யலாம் என்று வழிகள் பல உண்டு. பெரிதானால் வழிகள் குறைந்துவிடும்.

இவற்றோடு சர்க்கரை நோயையும் இரத்த அழுத்தத்தையும் மறத்தலாகாது. உட்செவிக்கு இரத்தம் கொண்டு செல்லும் நாளம் மயிர் போல மெல்லியது. அமெரிக்காவில் 2008இல் வெளியான ஆய்வொன்று, சர்க்கரை நோயாளரிடையே கேள்விக் குறைவு மற்றவரைவிட ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுவதாகக் கூறியது. பெட்டியடியில் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் நம்மவர்களுக்கு இச்செய்தி பயன்படும்.

4. காலம் தாழ்த்தக் கூடாத அறிகுறிகள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதம் கூடாது.

ஒரு காதிலோ இரண்டிலுமோ திடீரெனக் கேள்வி குறைந்தால், அன்றே அல்லது மறுநாளே பார்க்க வேண்டும்.

இரைச்சலோடு முகம் ஒருபுறம் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் மரத்தல் இருந்தால் நேராக அவசர சிகிச்சைப் பகுதிக்குப் போக வேண்டும். அது மூளை சம்பந்தமானதாக இருக்கலாம்.

தலையில் அடிபட்ட பிறகு தோன்றிய இரைச்சலுக்கும் அவ்வாறே.

பூமி சுழல்வது போன்ற கிறுகிறுப்போடு வரும் இரைச்சலைச் சில நாட்களுக்குள் காட்ட வேண்டும்.

ஒரே காதில் மட்டும் நிலைத்த இரைச்சல், அல்லது நாடித் துடிப்போடு சேர்ந்து ‘டப், டப்’ என்று அடிக்கும் இரைச்சல், வலியில்லாவிட்டாலும் காட்டியே தீர வேண்டும். பின்னது இரத்தக் குழாய் சம்பந்தமானதாக இருக்கக்கூடும்.

வயது வந்தவருக்கு ஒரு காது மட்டும் வாரக்கணக்கில் அடைத்திருந்தால் மூக்கின் பின்புறத்தையும் டாக்டர் குழாய்க் கருவியால் பார்ப்பார். அவ்விடத்துப் புற்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும், குறிப்பாகச் சீன இனத்தவரிடையே, காணப்படுவதே காரணம். கடையில் வேலை செய்யும் சீன நண்பருக்கும் இச்செய்தியைச் சொல்லி வைப்பது நல்லது.

வீட்டிலேயே செய்யத்தக்க சிறு சோதனை ஒன்றும் உண்டு. ஒரு காது திடீரென அடைத்தால் வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் முனகல் உரக்கக் கேட்டால், குறும்பியோ சளியோ வழியை மறித்திருக்கக்கூடும். நல்ல காதில் உரக்கக் கேட்டால், பழுது உட்செவியில் இருக்கக்கூடும், அது அவசரம். இது டாக்டரின் சோதனைக்கு ஈடாகாது. முதல் விடை கிடைத்தாலும் காட்டவே வேண்டும்; இரண்டாம் விடை கிடைத்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

5. டாக்டர் செய்யும் சோதனைகள்

முதலில் விளக்குக் கருவியால் காதுத் துவாரத்தைப் பார்ப்பார். குறும்பியோ சீழோ இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அடுத்து இசைக்கவையைத் தட்டி நெற்றியிலும் காதின் பின்னெலும்பிலும் வைப்பார். மேலே சொன்ன முனகல் சோதனையின் மூலத் தத்துவம் இதுவே. பழுது வழியிலா, உட்செவியிலா என்பது ஒரு நிமிஷத்தில் ஏறத்தாழ விளங்கும்.

பிறகு ஒலி புகாத அறையில் செவிப்புலன் வரைபடம் எடுப்பார்கள். 250 ஹெர்ட்ஸ் முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை பல சுருதிகளைக் கேட்கச் செய்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்று குறிப்பார்கள். பேரொலியின் கேடு 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளமாகத் தெரியும். மேனியே நோய் தொடக்கத்தில் கனத்த சுருதிகளில் தெரியும். வரைபடம் ஒழுங்காக இருந்தும் இரைச்சல் இருந்தால், 8,000க்கு மேற்பட்ட சுருதிகளையும் சோதிக்கலாம். மருந்தாலும் பேரொலியாலும் நேரும் கேடு சிலருக்கு அங்கேதான் முதலில் தலை காட்டுகிறது.

1978இல் லண்டனில் டேவிட் கெம்ப் என்பவர் வியப்பான ஒன்றைக் கண்டார். நலமான காது ஒலியைக் கேட்பது மட்டுமன்றி, மிக மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்பவும் செய்கிறது! காதில் சிறு ஒலிவாங்கியை வைத்து அந்த எதிரொலியை அளந்தால் மயிரணுக்களின் நலம் தெரிகிறது. நோயாளி வாய் திறந்து பதில் சொல்ல வேண்டியதில்லை; பச்சிளங் குழந்தைகளின் செவியைச் சோதிப்பதும் இம்முறையில்தான்.

கிறுகிறுப்பு உள்ளவர்களுக்குச் சமநிலைச் சோதனைகள் உண்டு. காதில் வெதுவெதுப்பான நீரும் குளிர்ந்த நீரும் செலுத்திக் கண்ணின் அசைவைப் பார்க்கும் முறையை வகுத்த ராபர்ட் பாராணிக்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் அச்சோதனை வழக்கில் உள்ளது. ஒரே காதில் இரைச்சல் நிலைத்தோ, இரு காதுகளின் வரைபடங்கள் பெரிதும் வேறுபட்டோ இருந்தால் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் சொல்வார்கள்.

எல்லாச் சோதனையும் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. மலேசியாவில் அரசாங்க கிளினிக்கிலும், சிங்கப்பூரில் பாலிகிளினிக்கிலும் முதலில் காட்டி, அங்கிருந்து காது மூக்கு தொண்டை நிபுணருக்குக் கடிதம் பெறலாம். ஆனால் கேள்வி திடீரெனக் குறைந்திருந்தால், நிபுணரைக் காணத் தரும் தேதி சில வாரம் தள்ளிப்போகும் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். “இன்னும் இரண்டு வாரம் ஆகவில்லை, திடீரென்று வந்தது” என்று தெளிவாகச் சொல்லுங்கள். அல்லது ஆஸ்பத்திரியின் அவசரப் பகுதிக்கே போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர் அதையும் சொல்ல வேண்டும். ஸ்டிராய்டு மருந்து சர்க்கரையை ஏற்றக்கூடியது.

6. குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள்

நம் வியாபாரிகளுக்குக் கணக்கெழுதச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பழக்கமே இங்கும் கைகொடுக்கும். டாக்டரிடம் போகுமுன் பின்வருவனவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள். இரைச்சல் தொடங்கிய தேதி, எந்தக் காது, ரீங்காரமா, ஹோவென்ற இரைச்சலா, துடிப்பா, விட்டு விட்டு வருகிறதா, ஓயாமல் உள்ளதா, கேள்வி குறைந்ததா, கிறுகிறுப்பு வந்தால் எத்தனை நிமிஷம், செய்யும் தொழிலின் சத்தம் எப்படி, உண்ணும் மருந்துகள் அனைத்தும், குடும்பத்தில் இளவயதிலேயே செவிடானவர் உண்டா. இந்த ஒரு பக்கக் குறிப்பு டாக்டருக்குப் பாதிச் சோதனைக்குச் சமம்.

7. வினா விடை

வினா: பூண்டு காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடலாமா?
விடை: கூடாது. செவிப்பறையில் துளை இருந்தால் கேடு மிகும். உட்செவிக்கு அந்த எண்ணெய் போய்ச் சேரவும் முடியாது. அதில் கழியும் நாட்களே பெரிய நஷ்டம்.

வினா: விளம்பரங்களில் வரும் மாத்திரைகள் இரைச்சலைப் போக்குமா?
விடை: காதிரைச்சலை அடியோடு போக்கும் மாத்திரை என்று மருத்துவம் ஒப்புக்கொண்டது இன்றுவரை ஒன்றும் இல்லை.

வினா: சோதனையில் ஒன்றும் அகப்படாவிட்டால்?
விடை: நல்லதாயிற்று. ஆபத்தான காரணம் இல்லை என்று தெரிவதே பாதி மருந்து. கேள்விக் குறைவு உள்ளவருக்குக் காது கேட்கும் கருவி இரைச்சலையும் தணிப்பதுண்டு. இரவில் மெல்லிய ஓசை எழுப்பி வைத்தல், மனப்பயிற்சிச் சிகிச்சை ஆகியவற்றாலும் பலர் நிம்மதி அடைந்திருக்கின்றனர். ஆறு மாதமோ ஓர் ஆண்டோ கழித்து வரைபடத்தை மீண்டும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

வினா: வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடலாமா?
விடை: இரு காதுகளிலும் ஒருசேர, மெல்ல மெல்ல வருவது வயதின் குறியாக இருக்கலாம். ஒரு காதில் மட்டும் வந்தால், அல்லது திடீரென்று வந்தால், வயதின் மேல் பழியைப் போடாதீர்கள்.

முடிவாக ஒன்று. கடையை ஒரு நாள் சாத்தினால் ஒரு நாள் வியாபாரம் போகும். மறுநாள் திறந்தால் வாடிக்கை வரும். காது அடைபட்டுப் போனால் திறந்துவிடச் சாவி எந்தக் கடையிலும் விற்பதில்லை. ஆகவே கடைப் பையனுக்கு ஆனாலும், முதலாளிக்கு ஆனாலும், வீட்டில் உள்ள பெரியவருக்கு ஆனாலும், “ஒரு காது திடீரென்று அடைத்துவிட்டது, இரைகிறது” என்ற சொல் காதில் விழுந்தால், “நாளைக்குப் பார்ப்போம்” என்று சொல்லாமல், அன்றே டாக்டரிடம் அனுப்பி வையுங்கள்.